கார் சார்ஜர் எர்த் பிழை காட்டுகிறது

கேள்வி: மின்சார காரின் 3.3 கிலோவாட் போர்ட்டபிள் சார்ஜரை 16 ஆம்பியர் சாக்கெட்டில் போட்டால் எர்த் விளக்கு சிவப்பாக எரிகிறது, சார்ஜ் ஏறவில்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 38 வோல்ட் காட்டுகிறது. இரண்டையும் சாக்கெட்டிலேயே இணைக்கச் சொல்கிறார் எலக்ட்ரீஷியன். செய்யலாமா?

பதில் 1: வேண்டவே வேண்டாம் சார்! விளக்கு அணையும், ஆபத்து கூடும். நியூட்ரல் எங்காவது அறுந்தால் கார் பாடியிலேயே 230 வோல்ட் வந்து நிற்கும். முதலில் எர்த் குழியைத் திறந்து பாருங்கள். பெரும்பாலும் எர்த் ஒயரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் துருப்பிடித்திருக்கும். அதைச் சரிசெய்தால் அந்த 38 பொதுவாக 2–3 வோல்ட்டுக்கு இறங்கிவிடும்.

பதில் 2: எர்த்தை மட்டும் நம்பாதீர்கள். எர்த் குழியின் மின்தடை 5 ஓம் என்றாலும் பழுதில் 46 ஆம்பியர்தான் (230 ÷ 5) ஓடும். 16 ஆம்பியர் சி வகை எம்சிபி (மின்னோட்டம் மிகுந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) உடனே விழ 80–160 ஆம்பியர் வேண்டும். ஆகவே 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம், அதுவும் ஏ வகை (துடிப்பான டிசி கசிவையும் உணர்வது). சார்ஜருக்குத் தனி லைன், 4 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், எர்த்துக்கும் அதே.