புதுப்பிப்பு: கார் கதவு திறந்துவிட்டது

பின்கதவின் உள்கைப்பிடி, வெளிக்கைப்பிடி இரண்டும் உடைந்து, கதவு திறக்கவில்லை என்று கேட்டிருந்தேன். கண்ணாடியை உடைக்கச் சொன்னவர்களுக்கு ஒரு கும்பிடு; அதற்குத் தேவை வரவில்லை.

சத்துவாச்சாரி மெக்கானிக் அண்ணன் வெளிக்கைப்பிடியின் மிச்சத்தைக் கழற்றினார். ஓட்டைக்குள் டார்ச் அடித்தால், கதவைப் பிடித்து வைத்திருக்கும் பூட்டுக்கு இறங்கும் மெல்லிய கம்பி தெரிகிறது. கைப்பிடியின் வேலையே அதை நகர்த்துவதுதான். உள்ளே லாக்கை முதலில் விடுவித்துவிட்டு, அந்தக் கம்பியைக் கொக்கியால் அழுத்தினார். டக்! லாக் விழுந்திருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் பயனில்லை. சைல்டு லாக்கைச் சந்தேகித்தவர்களுக்கு: அது உள்கைப்பிடியை மட்டுமே தடுக்கும்.

வேலூர் வெயிலில் பிளாஸ்டிக் நொறுங்காமல் என்ன செய்யும்!

புதுக் கைப்பிடிகளை மாட்டியதும் கதவைச் சாத்தவில்லை. திறந்த நிலையிலேயே பூட்டின் நாக்கை ஸ்குரூடிரைவரால் மடக்கி, இரு கைப்பிடிகளும் அதை விடுவிக்கின்றனவா என்று பார்த்த பிறகே சாத்தினோம்.