மாம்பழம் மூன்று வாரம் கெடாதாம்! எங்கே?

தோப்புக்காரன்: நானோ மருந்து அடித்தால் மாம்பழம் மூன்று வாரம் கெடாது என்று நேற்று ஒருவர் இங்கே அளந்துவிட்டுப் போயிருக்கிறார். எங்கே கெடாது, மரத்திலா பெட்டியிலா? கோவை வேளாண் பல்கலைக்கழகமும் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, செடிகளில் இயற்கையாகவே உண்டாகும் ஹெக்ஸனால் என்ற பொருளை வைத்துச் செய்த ஆய்வைத்தான் சொல்கிறார். அறுவடைக்கு 30 நாள், 15 நாள் இருக்கும்போது இரண்டு முறை தெளித்தால் காய் கூடுதலாக மூன்று வாரம் வரை நிற்கும். மரத்தில், ஐயா, மரத்தில்!

நானோநேசன்: 'ஒருவர்' என்ன ஒருவர், நான்தான் எழுதினேன். பழத்தின் செல் சவ்வைச் சிதைக்கும் பாஸ்போலைபேஸ் டி என்ற நொதியை ஹெக்ஸனால் அடக்குகிறது. அந்த நொதிக்கு மரம் எது பெட்டி எது என்று தெரியுமா? பறித்த காயைக் கரைசலில் முக்கி எடுக்கலாம், பெட்டிக்குள் வைக்க ஹெக்ஸனால் பொட்டலமும் இருக்கிறது.

தோப்புக்காரன்: பொட்டலத்தை யார் கேட்டது? மூன்று வாரம் மரத்திலா, பெட்டியிலா?

மண்டிக்காரர்: புல் வெட்டினால் வரும் வாசனைதானே ஹெக்ஸனால்? அதில் நானோ எங்கே வந்தது?

நானோநேசன்: ஹெக்ஸனால் சீக்கிரம் ஆவியாகிவிடும் அண்ணே. கண்ணுக்கே தெரியாத அளவு மெல்லிய நானோ நாரில் அடைத்து வைத்தால் மெல்ல மெல்ல வெளியே வரும்.

தோப்புக்காரன்: மண்டிக்காரர் நானோ பேசுகிறார், கேட்டுக்கொள்ளுங்கள். கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைத்த கை!

மண்டிக்காரர்: கல் தடையான பிறகு என் மண்டியில் பழுக்க வைக்க எத்திலீன் வாயு அறைதான், வந்து பார். போன வருடம் எடை போட்டபோது நடந்ததை மனதில் வைத்துக்கொண்டு பேசாதே.

தோப்புக்காரன்: எடையைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை, நீங்களாக இழுக்கிறீர்கள், குற்றமுள்ள நெஞ்சு. கிருஷ்ணகிரியில் எல்லார் தோப்பிலும் பெங்களூரா ரக மாங்காய் ஒரே சமயத்தில் இறங்குகிறது, கூழ் ஆலை சொல்வதுதான் விலை, அதனால் மரத்தில் நின்றால் எனக்கும் லாபம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மூன்று வாரத்தில் ஒரு சூறைக்காற்று அடித்தால் பொட்டலமா வந்து காயைத் தாங்கும்? அதற்குத்தான் கேட்கிறேன், மரத்திலா பெட்டியிலா?

நானோநேசன்: பலாப்பழம் பற்றிப் பேசியபோதும் இப்படித்தான் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு தொங்கினீர்கள்.

தோப்புக்காரன்: அதற்கும் நீ இன்னும் பதில் சொல்லவில்லை, தம்பி.

மண்டிக்காரர்: முதலில் எடை விஷயத்துக்கு வா.