ஹைப்ரிட்ல ஏர் இன்டேக் மாத்தினவங்க, மாத்தின வண்டிய வாங்கினவங்க: உங்க அனுபவம் சொல்லுங்க

சத்தமில்லா சாரதி

நேரா விஷயத்துக்கு வரேன். மூணாம் தலைமுறை ப்ரியஸ், செகண்ட் ஹேண்ட். முன்னாடி வச்சிருந்தவர் ஒரிஜினல் ஃபில்டர் பெட்டியக் கழட்டிட்டு பெட்டி இல்லாத கூம்பு வடிவ கோன் ஃபில்டரும் அலுமினியக் குழாயும் போட்டிருக்கார். ஊருக்குள்ள ஒண்ணும் தெரியல, பாதி நேரம் பேட்டரிதானே ஓடுது.

மலைப்பாதையில ஒரு லாரிய முந்த அழுத்தி மிதிச்சேன். பானெட்டுக்குள்ள இருந்து ஒரு உறுமல். ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல, ஒரே சுருதியில நிக்குது. வேகமோ எப்பவும் போலத்தான் ஏறுது. பின் சீட்ல இருந்த அம்மா பயந்துபோய், "ஏதோ கழண்டுருச்சுப்பா, நிறுத்து"ன்னு என் தோளப் பிடிச்சுட்டாங்க. அப்ப லாரிக்குப் பக்கத்துல பாதி தூரம் போயிருந்தேன். பத்திரமா முந்திட்டோம், ஆனா அந்தப் பிடி இன்னும் மனசுல இருக்கு.

ஸ்கேனர் போட்டுப் பாத்தா லாங் டெர்ம் ஃப்யூவல் ட்ரிம் (கம்ப்யூட்டர் பெட்ரோல எவ்வளவு கூட்டிக் குறைக்குதுங்கற கணக்கு) +14 சதவீதம். செக் இன்ஜின் லைட் எரியல. வேற யாருக்காவது இப்படி?

ஸ்பேனர்

தம்பி, லைட் எரியலன்னு நிம்மதியா இருந்துடாத. இதே மாதிரி மாத்தின ஒரு ஹைப்ரிட் நம்ம பட்டறைக்கு வந்துச்சு, பி0171 கோடோட, அதாவது காத்துக்குப் பெட்ரோல் பத்தலன்னு. உள்ள போற காத்த அளக்கற மாஸ் ஏர் ஃப்ளோ சென்சரக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சேன். உள்ள இருக்கற மெல்லிசுக் கம்பி மேல ஃபில்டர் எண்ணெய் படிஞ்சு, அதுல தூசி ஒட்டி, கம்பளிப்பூச்சி மாதிரி இருந்துச்சு. கொண்டுவந்த பையன் பேசவே இல்ல. சுத்தம் பண்ணினதும் ட்ரிம் இறங்கிருச்சு.

நீ கேக்கல, இருந்தாலும் சொல்லாம விட மனசு வரல. அந்தக் கம்பிய கரண்ட் சூடாக்கி வச்சிருக்கும். காத்து பட்டா ஆறும். சூட்ட நிறுத்த எவ்வளவு கரண்ட் போகுதுன்னு பாத்துதான் கம்ப்யூட்டர் காத்த அளக்குது. அழுக்கு மூடினா காத்து கம்மின்னு தப்பா சொல்லும், பெட்ரோலும் கம்மியாப் போகும். அப்புறம் எக்ஸாஸ்ட்ல இருக்கற ஆக்சிஜன் சென்சர் அதக் கண்டுபிடிச்சு, கூட ஊத்தச் சொல்லும். அந்தக் கூடுதல்தான் உன் +14.

சுத்தம் பண்ண அந்த சென்சருக்குன்னே விக்கிற ஸ்ப்ரே மட்டும். பிரேக் கிளீனர், கார்புரேட்டர் கிளீனர் கிட்டவே போகாத. பஞ்சு, துணி, விரல் எதுவும் படக்கூடாது. நல்லாக் காஞ்ச பிறகு மாட்டு.

அதுக்கும் சரியாகலன்னா மெயின்டனன்ஸ் மோட்ல போடு, இல்லாட்டி இன்ஜின் அதுபாட்டுக்கு நின்னுரும். ஐடில்ல, அதாவது மிதிக்காம சும்மா ஓடவிட்டு ட்ரிம்மப் பாரு, சுத்து ஏத்திப் பிடிச்சும் பாரு. ஐடில்ல மட்டும் கூட இருந்து, சுத்து ஏறினா இறங்குச்சுன்னா, சென்சரத் தாண்டி, பெரும்பாலும் த்ராட்டிலுக்கு (காத்து அளவக் கட்டுப்படுத்தற மடல்) அப்புறம் எங்கயோ காத்து கசியுது. வேக்குவம் ஹோஸ், கிளாம்பு, ரப்பர் பெல்லோஸ் மடிப்பு எல்லாம் தடவிப் பாரு. ரெண்டுலயும் ஒரே அளவுக்குக் கூட இருந்தா, சென்சர் உக்காந்திருக்கற குழாயோட உள்விட்டத்த வெர்னியர்ல அளந்து பாரு. ஒரிஜினல விட அகலமா இருந்தா காத்து மெதுவாப் போகும், சென்சர் எப்பவும் கம்மியாத்தான் சொல்லும். எத்தன தடவ சுத்தம் பண்ணினாலும் அது தீராது.

அட்கின்சன் ரசிகன்

ஸ்பேனர் ஐயா சொன்ன சோதனை முறை அருமை. ஆனால் எண்ணெய்ப் பழியை ஃபில்டர் மேல் போடுவதை ஏற்க முடியவில்லை. என் வண்டியில் பல வருடமாக எண்ணெய் தடவும் பருத்தி ஃபில்டர்தான், ஒரிஜினல் பெட்டிக்குள்ளேயே. சென்சர் பளிச்சென்று இருக்கிறது. கழுவிய பின் அளவுக்கு மீறி எண்ணெய் ஊற்றினால்தான் அது உறிஞ்சப்பட்டு உள்ளே போகும்.

என்னை உறுத்துவது வேறு. நண்பர் கோன் ஃபில்டர் மாட்டிய அன்று நான் பக்கத்து இருக்கையில் ஸ்கேனரோடு இருந்தேன். அதே சாலை, அதே சீரான வேகம். எல்லா எண்களும் முன்பு போலவே. மாறியது ஒன்றே ஒன்று: த்ராட்டில் திறப்பு கொஞ்சம் குறைந்திருந்தது. முன்னால் தடையைக் குறைத்தோம், கம்ப்யூட்டர் அதைப் பின்னால் மூடிச் சரிக்கட்டிவிட்டது! நண்பர் "செம இழுவை" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த எண்ணை அவரிடம் காட்டவில்லை.

இந்த வகை ஹைப்ரிடில் காலால் நாம் கேட்பது சக்தியை மட்டும்தான். அதை எத்தனை சுற்றில், எவ்வளவு காற்றில் தருவது என்பது கம்ப்யூட்டரின் முடிவு. சாரதி சொன்ன ஒரே சுருதிக்கும் அதுதான் காரணம். மூன்றாம் தலைமுறையின் 1.8 லிட்டர் இன்ஜின் தரக்கூடியது 73 கிலோவாட், மின் மோட்டாரும் சேர்ந்த மொத்த அமைப்புக்கு 100 கிலோவாட். போதாக்குறைக்கு இது அட்கின்சன் முறை. இன்டேக் வால்வு தாமதமாக மூடும், உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி திரும்ப மேனிஃபோல்டுக்கே (காற்று உள்ளே வரும் குழாய்க்கே) தள்ளப்படும். வாங்கிய காற்றையே திருப்பி அனுப்புகிற இன்ஜினுக்கு இன்னும் காற்று ஊட்டி என்ன கிடைக்கும்?

பனிமலை

ரசிகன் சார், "தடையைக் குறைத்துப் பயனில்லை" சரி. ஆனா இன்டேக்ல கை வச்சாலே வீண்னு எடுத்துக்கக் கூடாது. நான் தலைகீழாப் பண்ணினேன். இங்க பனிக்காலம் கடுமையா இருக்கும். எக்ஸாஸ்ட் பக்கத்துலேர்ந்து வெதுவெதுப்பான காத்து வர்ற மாதிரி ஒரு குழாய் வச்சேன். வெளியே உறைபனி, ஸ்கேனர்ல இன்டேக் காத்து 30 டிகிரின்னு காட்டின காலை எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

சூடான காத்துக்கு அடர்த்தி கம்மி. அதே சக்திக்கு த்ராட்டில் அகலமாத் திறக்கணும், அதனால உறிஞ்சற வேலையில வீணாகறது குறையும். நீங்க மூடினதப் பாத்தீங்க, நான் திறந்ததப் பாத்தேன். வெயில் காலத்துல கட்டாயம் கழட்டிடுவேன். 13:1 கம்ப்ரஷன் இன்ஜினுக்குச் சூடு கூடினா நாக்கிங் (பெட்ரோல் நேரங்கெட்டு வெடிக்கறது) வரும், கம்ப்யூட்டர் தீப்பொறி டைமிங்கப் பின்னுக்கு இழுக்கும், கிடைச்சதும் போயிடும்.

கார்மேகம்

காத்தப் பத்தியே பேசுறீங்க, தண்ணியப் பத்தி யாரும் சொல்லல.

மச்சான் வண்டியில கோல்ட் ஏர் குழாய், ஃபில்டர் பம்பருக்குக் கீழ தொங்கும். மழை விட்ட ராத்திரி, ரோட்ல தண்ணி. பேட்டரியிலயே மெல்ல உருட்டிட்டுப் போனோம், இன்ஜின் ஆஃப்ல இருந்துச்சு. நடுத் தண்ணியில திடீர்னு அதுவாவே ஸ்டார்ட் ஆகப் பாத்துச்சு. ஒரே ஒரு "டங்". அவ்வளவுதான். டேஷ்ல சிவப்பு முக்கோணம். ஆனா வண்டி நிக்கல! செத்த இன்ஜினோட பேட்டரியில சத்தமே இல்லாம கரை வரைக்கும் போச்சு. மச்சான் "ஒண்ணும் ஆகல பாத்தியா"ன்னு என்னப் பாத்து சிரிச்சார். பிரிச்சா பிஸ்டனத் தாங்கற கனெக்டிங் ராட் வளைஞ்சிருக்கு.

சாதா வண்டியில ஆக்சிலரேட்டர், கிளட்ச் எல்லாம் நம்ம கையில. இதுல இன்ஜின் எப்ப எழும்பும்னு நாம முடிவு பண்றதில்ல. எழுப்புறதும் சின்ன ஸ்டார்ட்டர் மோட்டார் இல்ல, எம்ஜி1ங்கற பெரிய மோட்டார்-ஜெனரேட்டர். அது நிமிஷத்துக்கு ஏறக்குறைய 1000 சுத்துக்கு வேகமா இழுக்கும். சிலிண்டர்ல தண்ணி இருந்தா தண்ணி சுருங்காது, ராட்தான் வளையும். ஒரிஜினல் குழாயோட வாய உசரத்துல வச்சதுக்குக் காரணம் இருக்கு.

ஸ்பேனர்

கார்மேகம் சொன்னது நூத்துக்கு நூறு. ரசிகன் சார், எண்ணெய் விஷயத்துல உங்க பெட்டி ஒரிஜினல். நான் பாக்கற கோன் எல்லாம் சென்சருக்கு ஒட்டுனாப்ல இருக்கு. அந்த வித்தியாசத்தயும் கணக்குல எடுங்க.

பின்சீட்டு

நீங்கள் எல்லோரும் பானெட்டுக்குள்ளேயே நிற்கிறீர்கள். ஹைப்ரிடில் இன்னொரு காற்று வழி உண்டு, பின் சீட்டு ஓரத்தில், பேட்டரியைக் குளிர்விக்க. தெரிந்தவர் ஒருவர் "தூசி வருகிறது" என்று அந்தக் கிரில்லின் உள்பக்கம் தடிமனான ஸ்பாஞ்ச் ஒட்டியிருந்தார். ஃபேன் ஓயாமல் அலறுகிறது என்று என்னைக் கூப்பிட்டார். கிரில்லைக் கழற்றினேன். ஸ்பாஞ்ச் முழுக்க நாய் முடி, கம்பளம் போல அல்ல, கம்பளமாகவே உரிந்து வந்தது. உரித்த கொஞ்ச நேரத்தில் ஃபேன் அடங்கியது.

சத்தமில்லா சாரதி

ஸ்பேனர் அண்ணே, வெர்னியர் வச்சு அளந்தேன். குழாய் அகலம்தான். ஐடில்லயும் சுத்து ஏத்தினப்பவும் கிட்டத்தட்ட ஒரே ட்ரிம். ஒரிஜினல் பெட்டி தேடிப் பிடிச்சு மாட்டிட்டேன், இப்ப +3. ரொம்ப நன்றி.

ஷெட்

சாரதி, கிடைத்த பெட்டியின் மூடியைத் திருப்பிப் பாருங்கள். பல வண்டிகளில் உள்ளே ஒரு கருப்பு ஷீட் இருக்கும், ஆக்டிவேட்டட் கார்பன். இன்ஜின் நின்ற பிறகு இன்டேக்கில் தங்கும் பெட்ரோல் ஆவியை வெளியே விடாமல் பிடித்து வைப்பது அது. ஃபில்டருக்குத் தடை என்று என் தம்பி அதைப் பிய்த்து எறிந்தான். மறுநாள் காலை பூட்டிய ஷெட்டைத் திறந்தால் பெட்ரோல் வாடை. எரிபொருள் லைன் கசிகிறதென்று வண்டிக்கு அடியில் படுத்து எல்லா இணைப்பையும் தேடினோம், எங்கும் ஈரம் இல்லை. ஷீட் உள்ள மூடி வாங்கி மாட்டிய பிறகு வாடை இல்லை. உங்கள் மூடியில் அது இருக்கிறதா?