ஐஸ் தண்ணீரில் லேபிள் கரையாமல் இருக்க என்ன வழி?

அம்பை வாத்தியார்:
ஆவணியில் தங்கச்சி கல்யாணம். தாம்பூலப் பையில் ஆச்சி பக்குவத்தில் காய்ச்சிய நன்னாரி சர்பத்தை 200 மில்லி கண்ணாடி பாட்டிலில் போட்டு, 150 பேருக்குக் கொடுக்கலாம் என்று நான்தான் வாயை விட்டேன். வேரை இடித்து, நடுத்தண்டை உருவி எறிந்துவிட்டு, ஊறவைத்துக் காய்ச்சுவதெல்லாம் ஆச்சி. லேபிள் மட்டும் என் பொறுப்பு. அதில்தான் மானம் போனது.

ஒத்திகையாகக் கோயில் கொடைக்கு 30 பாட்டில் தயார் செய்தோம். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் சாதா ஏ4 தாளில் அடித்து, வெள்ளைப் பசை தடவி ஒட்டினேன். அண்டாவில் ஐஸ் போட்டு பாட்டிலை இறக்கி அரை மணி நேரம் ஆகவில்லை, நான் வரைந்த பொதிகை மலையின் நீலம் முழுக்கத் தண்ணீருக்குள். லேபிள் எல்லாம் மேலே மிதக்கிறது. மாமா எட்டிப் பார்த்து, “என்னடே, ஆத்துத் தண்ணியக் கலக்கி வச்சிருக்க?” என்றார்.

இன்னொரு தொல்லை. ‘பொருநை நன்னாரி’ என்று தலைப்பு. ‘பொ’வில் உள்ள ஒற்றைக் கொம்பு தனியாகக் கழன்று நிற்கிறது, நடுவில் ஒரு புள்ளி வட்டம் வேறு. யாராவது வழி சொல்லுங்கள்.

டவுண் டிடிபி:
அண்ணாச்சி, இங்க்ஜெட் மை தண்ணீர் பட்டால் ஓடத்தான் செய்யும். லேசர் பிரிண்டில் இருப்பது மை இல்லை, பிளாஸ்டிக் கலந்த தூள். சூட்டில் உருகித் தாளோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் கரையாது. ஆனால் தாளே ஊறிவிட்டால் அப்புறம் என்ன லேசர்? கடையில் ‘க்ரோமோ ஸ்டிக்கர்’ என்று பளபளப்பாகக் காட்டுவார்கள். அதுவும் காகிதம்தான். மேலே லேமினேஷன் போட்டாலும் வெட்டிய ஓரம் வழியாகத் தண்ணீர் ஏறி, மூலை முதலில் சுருளும். கிழியாத பிளாஸ்டிக் ஸ்டிக்கர், அதாவது பிபி ஷீட் கேளுங்கள்.

அளவு முக்கியம். பாட்டிலின் நேராக நிற்கும் பகுதியில் மட்டும் ஒட்டுங்கள்; தோள் வளையும் இடத்துக்கு ஏற்றினால் சுருக்கம் விழும். 9க்கு 7 செ.மீ. போதும். நாலு பக்கமும் 2 மி.மீ. வெட்டுக்கு விட்டால், 12க்கு 18 இஞ்ச் ஷீட்டில் 18 உட்காரும். 9 ஷீட் அடித்தால் 162. மிச்சம் 12 ஒட்டும்போது கோணலாகப் போவதற்கு, கட்டாயம் போகும். சிவகாசிக்குப் போக வேண்டாம், ஆஃப்செட்டில் நாலு கலருக்கு நாலு பிளேட் போட்டு 150 அடித்தால் கட்டுப்படியாகாது.

‘பொ’ உடைவது உங்கள் தப்பு இல்லை. நீங்கள் லேபிள் செய்த மென்பொருளுக்குத் தமிழ் எழுத்தைச் சேர்த்துக் கோக்கத் தெரியவில்லை. சரியாகத் தெரிகிற மென்பொருளில் அடித்து, பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள். கோரல்டிராவில் செய்தால் கடைசியில் கண்ட்ரோல் க்யூ தட்டி எழுத்தை வளைகோடாக மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஃபாண்ட் இல்லாத எங்கள் கம்ப்யூட்டரில் ‘பொருநை’ என்னவாகத் திறக்கும் என்று சொல்ல முடியாது. கல்யாணப் பத்திரிகையிலேயே மாப்பிள்ளை பெயர் அப்படி ஆகி, ராத்திரி பதினோரு மணிக்குத் திரும்ப அடித்திருக்கிறேன்.

கடையம் டு மெல்போர்ன்:
நான் இங்கே வீட்டில் பீர் காய்ச்சுகிறவன். இந்த ஊரில் சொந்த உபயோகத்துக்குத் தடை இல்லை; நம்மூரில் 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இருக்கிறது, யாரும் ஆசைப்பட வேண்டாம். ஆனால் லேபிள் ஒட்டும் வித்தை பொதுதானே.

நாங்கள் ஒட்டுவது பாலில்! சாதா தாளில் லேசர் பிரிண்ட், பின்பக்கம் பிரஷ்ஷால் லேசாகப் பால், ஒட்டித் துடைத்துக் காயவிட்டால் கல் மாதிரி நிற்கும். காலி பாட்டிலை வெந்நீரில் போட்டால் தானே உரிந்து வரும். எங்களுக்கு அதுதான் வேண்டும், பாட்டில் திரும்பத் தேவை. பீர் ஆலைகளிலும் பால் புரதமான கேசின் பசை உண்டு, ஐஸ் தண்ணீருக்குத் தாங்கும்படி தயாரித்தது. நம் வெறும் பால் அண்டாவில் தாங்காது. உங்களுக்கு டவுண் அண்ணாச்சி சொன்ன ஸ்டிக்கர்தான் சரி.

சோம்பல் வந்தால் நான் லேபிளே ஒட்டுவதில்லை, மூடியில் மார்க்கரால் ஒரு நம்பர், நோட்டில் அந்த நம்பருக்கு நேராகக் காய்ச்சிய தேதி.

அப்பளக்கார மதினி, கல்லிடை:
தம்பி, மைதாப் பசை காய்ச்சலாம் என்று யாராவது யோசனை சொன்னால், அதில் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) போடச் சொல்வார்கள், பூச்சி வராது என்று. பைண்டிங்குக்குச் சரி. வாய் வைக்கிற பாட்டிலுக்கு அந்த விஷம் கிட்டேயே வரக்கூடாது.

சும்மா கொடுக்கிறீர்கள், அதனால் பெயர், சேர்த்த பொருள், காய்ச்சிய தேதி போதும். நாளைக்கு விற்க ஆரம்பித்தால் உணவுப் பாதுகாப்புத் துறையின் எஃப்எஸ்எஸ்ஏஐ பதிவு எடுத்து அந்த 14 இலக்க எண், அளவு, விலை, பச்சைப் புள்ளி எல்லாம் வர வேண்டும். பக்கத்துக் கடைப் பாட்டிலைப் பார்த்து நம்பரைக் காப்பியடிக்காதீர்கள். அப்படிச் செய்த ஒருத்தரை எனக்கே தெரியும்.

அம்பை வாத்தியார்:
எல்லோருக்கும் நன்றி. பிபி ஷீட் ஒன்று மட்டும் அடித்துப் பார்த்தேன். பாட்டிலைத் துணியால் எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, ஒட்டி, ஒருநாள் விட்டு ஐஸ் வாளியில் போட்டேன். ராத்திரி முழுக்கக் கிடந்தும் மூலைகூட எழவில்லை. ‘பொ’வும் முழுசாக வந்துவிட்டது.

ஆச்சி கையில் கொடுத்தேன். கையை நீட்டி, வெளிச்சத்துக்குத் திருப்பி, “மலை நல்லாருக்கு. ‘ஒண்ணுக்கு நாலு தண்ணி’ன்னு எழுதச் சொன்னேனே, அது எங்கடே?” என்றாள். இருக்கிறது, ஆறு பாயிண்ட்டில். மலையைக் கொஞ்சம் வெட்டப் போகிறேன்.