டன்ஸ்டன்பர்க் கோட்டைக்கு முழங்கால் வலி உள்ளவரை அழைத்துப் போக வழி உண்டா?

வணக்கம். இங்கிலாந்தின் நார்தம்பர்லேண்ட் கடற்கரையில் உள்ள டன்ஸ்டன்பர்க் கோட்டைக்கு அப்பாவை அழைத்துப் போக முடியாமல் தவிக்கிறேன்.

அப்பாவுக்கு 71 வயது, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். இரண்டு முழங்காலிலும் தேய்மானம். சமதரையில் கைத்தடியோடு கால் மணி நேரம் நடப்பார், அப்புறம் வீக்கம் வந்துவிடும். மூன்று வாரத்தில் ஊர் திரும்புகிறார்.

போன சனிக்கிழமை கிராஸ்டர் கிராமத்தில் காரை நிறுத்திவிட்டுக் கிளம்பினோம். கோட்டை வரை சாலை கிடையாது. ஏறத்தாழ 2 கிலோமீட்டர், கடலோரப் புல்வெளியில் நடைதான். பாதி வழியில் அப்பா ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டார். எதிரே அந்த இரட்டைக் கோபுர வாசல் தெரிகிறது. 1313-இல் லங்காஸ்டர் பிரபு தாமஸ் கட்டத் தொடங்கியது, 1322-இல் அரசனை எதிர்த்துத் தலை இழந்தார், 1380-களில் பின்னாள் லங்காஸ்டர் பிரபுவான ஜான் ஆஃப் கான்ட் அந்த வாசலையே அடைத்துக் கோபுர வீடாக மாற்றினார் என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அதற்கு மேல் நடக்க முடியவில்லை, திரும்பிவிட்டோம்.

மறுநாள் கோட்டைக்கு மறுபக்கம் உள்ள எம்பிள்டன் கிராமத்துப் பக்கம் நான் மட்டும் போய்ப் பார்த்தேன். அதுவும் நடைதான், மணல் வேறு. சாதாரணச் சக்கர நாற்காலியை வாடகைக்கு எடுத்துத் தள்ளிப் பார்த்தேன், சிறிய முன்சக்கரம் புல்லில் புதைகிறது.

பெரிய டயர் உள்ள சக்கர நாற்காலியிலோ வேறு வண்டியிலோ யாராவது பெரியவர்களைக் கிராஸ்டரிலிருந்து கோட்டை வாசல் வரை கொண்டுபோயிருக்கிறீர்களா?