நாலு வயசுப் பையனுக்கு ஹெர்னியா ஆபரேஷன்: எப்படித் தயார்படுத்துவது?

கேள்வி: மகிழன் அம்மா

எல்லோருக்கும் வணக்கம். என் மகனுக்கு நாலு வயது. அழும்போதும் முக்கும்போதும் வலது தொடை இடுக்கில் ஒரு புடைப்பு வரும். படுத்தால் உள்ளே போய்விடும். டாக்டர் குடலிறக்கம் என்று சொல்லி அடுத்த வாரம் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார். காலையில் போனால் மாலையே வீடு திரும்பலாமாம். சின்ன ஆபரேஷன்தான் என்கிறார்கள், ஆனாலும் முழு மயக்கம் என்றதிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. உறவில் ஒரு குழந்தைக்குத் தொப்புள் புடைப்பு தானாகவே சரியானதால், 'கொஞ்சம் பொறுத்துப் பாரேன்' என்று வேறு சொல்கிறார்கள். தள்ளிப் போடலாமா? அவனிடம் என்ன சொல்லிக் கூட்டிப் போவது? பசி தாங்கவே மாட்டான்.

பதில்: யாழினி

தள்ளிப் போடாதீர்கள் தோழி. தொப்புளில் வருவது பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானாக மூடிக்கொள்ளும். தொடை இடுக்கில் வருவது அப்படி மூடாது. விரை வயிற்றிலிருந்து கீழே இறங்கிய பாதை அடைபடாமல் இருப்பதால்தான் குடல் அந்த வழியே நழுவுகிறது. திரும்ப முடியாமல் அது சிக்கிக்கொண்டால் ஆபத்து. ஆபரேஷனுக்கு முன்பே புடைப்பு உள்ளே போகாமல் இறுகி, தொட்டாலே அழுதாலோ வாந்தி எடுத்தாலோ தேதிக்குக் காத்திருக்காமல் நேரே அவசர சிகிச்சைக்குப் போய்விடுங்கள்.

என் மகனுக்கும் இதே வயதில் இதே ஆபரேஷன் நடந்தது. முந்தின நாள்தான் அவனிடம் சொன்னோம். "அந்தக் கட்டியை டாக்டர் சரி பண்ணுவார். அப்போ நீ மருந்தில் தூங்கிட்டிருப்பே, ஒண்ணும் தெரியாது. எழுந்ததும் கொஞ்சம் வலிக்கும், அதுக்கும் மருந்து தருவாங்க." அவ்வளவுதான். 'வலிக்கவே வலிக்காது' என்று மட்டும் சொல்லாதீர்கள், அப்புறம் நீங்கள் சொல்லும் எதையும் நம்ப மாட்டான்.

தியேட்டருக்குள் என்னையும் விட்டார்கள். எல்லா இடத்திலும் விடுவதில்லை, கேட்டுப் பாருங்கள். மயக்க மருந்து டாக்டர் மாஸ்க்கை அவன் கையிலேயே கொடுத்து பலூன் ஊதச் சொன்னார். அவன் மூச்சுக்கு ஏற்ப அதோடு இருந்த பை உப்பிச் சுருங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். கண் சொருகியது, கைகால் ஒருமுறை உதறியது. அப்படி ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால் நான் பதறவில்லை.

யாரும் சொல்லாமல் விட்டது விழிக்கும் நேரத்தைப் பற்றி. கண்ணைத் திறந்தவனுக்கு என்னை அடையாளமே தெரியவில்லை. என் மடியில் இருந்துகொண்டே "அம்மா வேணும்" என்று கத்தினான். உடம்பை வில்லாய் வளைத்தான், ட்ரிப்ஸ் குழாயைப் பிடுங்கப் பார்த்தான். வலி தாங்காமல் துடிக்கிறான் என்று என் வீட்டுக்காரர் நர்ஸைத் தேடி ஓடினார். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, இது மயக்கம் தெளியும்போது வரும் குழப்பம், இந்த வயதில் நிறையக் குழந்தைகளுக்கு வரும் என்றார். பெரும்பாலும் அரை மணிக்குள் அடங்கிவிடுமாம். அவனும் அழுது ஓய்ந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டான். எழுந்தபோது அழுததே நினைவில்லை, தன் செருப்பு எங்கே என்று கேட்டான். அந்த நேரத்தில் சமாதானப் பேச்சு காதில் ஏறாது. ஊசி போட்ட கையை மட்டும் ஒருவர் பிடித்துக்கொள்ளுங்கள். கூட வரும் பெரியவர்களிடமும் இதை முன்பே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அவர்களும் சேர்ந்து அழுவார்கள்.

பதில்: தியேட்டர் சிஸ்டர்

பசி பற்றி மட்டும் சொல்கிறேன். வழக்கமாகத் திட உணவும் மாட்டுப்பாலும் 6 மணி நேரத்துக்கு முன்பே நிறுத்த வேண்டும். தண்ணீர், வடிகட்டிய தெளிந்த பழரசம் 2 மணி நேரம் முன்பு வரை தரலாம். சில மருத்துவமனைகளில் 1 மணி நேரம் முன்பு வரைகூட விடுகிறார்கள். 'ராத்திரிக்கு மேல் எதுவும் கூடாது' என்று மொத்தமாகச் சொன்னால், தண்ணீர் எத்தனை மணி வரை என்று தனியாகக் கேளுங்கள். பசியைவிடத் தாகம்தான் குழந்தையைப் படுத்தும். ஆனால் பாவம் பார்த்து ஒரு பிஸ்கட்கூடக் கொடுத்துவிடக் கூடாது. வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போகலாம்.

பல இடங்களில், குழந்தை மயக்கத்தில் இருக்கும்போதே முதுகின் அடியில் மரத்துப்போக ஒரு ஊசி போடுவார்கள். சில மணி நேரத்துக்கு வலி இருக்காது, கால் தளரலாம், அதனால் தனியே நடக்க விடாதீர்கள். அந்த மரப்பு விடுவதற்கு முன்பே பாராசிட்டமால் கொடுத்தால் நல்லது. எடைக்கு எவ்வளவு, எத்தனை மணிக்கு என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். ஆஸ்பிரின் வேண்டாம்.

மகிழன் அம்மா

இருவருக்கும் மிக்க நன்றி. விழிக்கும்போது இப்படி ஆகும் என்று எனக்குத் தெரியவே தெரியாது. இன்னொன்று சிஸ்டர், நேற்றிலிருந்து அவனுக்கு மூக்கு ஒழுகுகிறது. காய்ச்சல் இல்லை. இதையும் சொல்ல வேண்டுமா?

தியேட்டர் சிஸ்டர்

கட்டாயம், இன்றே போன் செய்யுங்கள். சளி இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் மூச்சுப் பாதை சுருங்கித் தொந்தரவு வரலாம். வெறும் மூக்கொழுகல் என்றால் நெஞ்சைப் பரிசோதித்துவிட்டு ஆபரேஷனை நடத்தவும் கூடும். காய்ச்சல், சளியோடு இருமல், இரைப்பு வந்தால் சில வாரம் தள்ளி வைப்பார்கள். அப்படித் தள்ளிப் போனால், யாழினி சொன்ன அறிகுறிகள் வருகிறதா என்று தினமும் குளிப்பாட்டும்போது பாருங்கள்.