நீதிமானாக்கப்படுதல்: கொஞ்சம் விளக்க முடியுமா?

வணக்கம். சில வாரங்களாக பைபிளில் பவுல் எழுதிய ரோமர் நிருபம் (கடிதம்) வாசிக்கிறேன். 3:28-இல் மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகள் (மோசேயின் சட்டம் கேட்கும் செயல்கள்) இல்லாமல் விசுவாசத்தினாலே நீதிமானாக்கப்படுகிறான் என்கிறார் பவுல். சரி, புரிந்தது என்று நினைத்தேன். அப்புறம் யாக்கோபு 2:24 வந்து குழப்பிவிட்டது. விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் என்கிறார் அவர். இருவரும் காட்டும் உதாரணமோ ஒரே ஆபிரகாம்தான்! பவுல் எடுப்பது ஆதியாகமம் 15-இல் அவர் விசுவாசித்த நேரம். யாக்கோபு எடுப்பது 22-இல் ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய நேரம். அப்படியானால் 'நீதிமானாக்கப்படுதல்' என்ற சொல்லை இருவரும் ஒரே பொருளில்தான் சொல்கிறார்களா?

இன்னொன்று. தேவன் நம்மை நீதிமான் என்று தீர்ப்புச் சொல்வதா, உள்ளுக்குள் நீதிமானாக மாற்றுவதா? முதலாவதை சபைச் சீர்திருத்தவாதி லூத்தர் வழி வந்தவர்கள் வலியுறுத்துகிறார்கள். உள்ளான மனிதன் புதிதாவதும் அதில் அடங்கும் என்றது 1547-இல் கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து சங்கம். தமிழில் 'ஆக்கப்படுதல்' என்று படிக்கும்போது எனக்கு என்னவோ இரண்டாவதுதான் தோன்றுகிறது. மூலக் கிரேக்கச் சொல் நீதிமன்ற வழக்கிலிருந்து வந்தது என்கிறார்கள்.

1999-இல் கத்தோலிக்கரும் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் இதைப் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்களே, அதற்குப் பிறகும் மிச்சமிருக்கும் வேறுபாடு எது? கிரேக்கம் தெரிந்தவர்கள் இருந்தால் இன்னும் நல்லது. எளிமையாகச் சொல்லுங்கள், சண்டை மட்டும் வேண்டாம்.